தொந்தரவு தராத குழந்தை

அங்கன்வாடியில் எடை போடும் நாளில் தாய்மார்கள் பேசிக்கொள்வதைக் கேட்டால் ஒரு சொல் அடிக்கடி காதில் விழும்: சமத்து. "எம் புள்ள சமத்துக்கா. இடுப்ப விட்டு எறங்காது, ஒரு தொந்தரவும் கிடையாது." பக்கத்தில் இன்னொரு குழந்தை தராசைப் பிடித்து இழுக்கும், பதிவேட்டுத் தாளைக் கசக்கும், யாருடைய செருப்பையோ வாயில் வைக்கப் போகும். அதன் தாய் எல்லோரிடமும் கூச்சத்தோடு சமாளித்துக்கொண்டிருப்பார். குழந்தை வளர்ச்சி ஆய்வுகளைப் படித்தவர்களுக்கோ கவலை வருவது முதல் குழந்தையைப் பார்த்துத்தான். அமைதியான குழந்தைகள் எல்லாம் நோயாளிகள் அல்ல, சிலருக்குப் பிறவிச் சுபாவமே அப்படி. ஆனால் ஒரு வயதுப் பிள்ளை இடுப்பை விட்டு இறங்க மறுப்பதற்கு ரத்தசோகையும் ஒரு காரணமாக இருக்கலாம். அப்படி இருந்தால் அதன் விளைவு பள்ளிக்கூடம் வரைக்கும், அதற்கு அப்பாலும் பின்தொடரலாம்.

இதை முதலில் தெளிவாகக் காட்டிய ஆய்வுகளில் ஒன்று மத்திய அமெரிக்காவில் உள்ள கோஸ்டாரிகாவில் நடந்தது. 1980களின் தொடக்கத்தில், தலைநகர் சான் ஹோசேயை ஒட்டிய குடியிருப்புகளில் 12 முதல் 23 மாத வயதுள்ள 191 குழந்தைகளை அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெட்சி லோசாஃப் குழு சோதித்தது. அவர்கள் எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளோ பட்டினி கிடந்த குழந்தைகளோ அல்ல. அதனால் வறுமையின் மற்றக் கோளாறுகளிலிருந்து இரும்புச்சத்துக் குறைவை ஓரளவு பிரித்துப் பார்க்க முடிந்தது. ரத்தசோகை உள்ள குழந்தைகளுக்கு மனவளர்ச்சிச் சோதனையிலும் உடலியக்கச் சோதனையிலும் மதிப்பெண் குறைந்தது. அதைவிட முக்கியம், அவர்கள் நடந்துகொண்ட விதம். தாயை ஒட்டியே இருந்தார்கள். புதுப் பொம்மையை நோக்கிப் போகத் தயங்கினார்கள். சிரிப்பு குறைவு, களைப்பு அதிகம்.

இதிலிருந்து லோசாஃப் முன்வைத்த விளக்கம் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. குழந்தை எதையும் நோண்டாது, கைநீட்டிக் கேட்காது. அதனால் பெரியவர்களும் அதனிடம் குறைவாகப் பேசுகிறார்கள், குறைவாக விளையாடுகிறார்கள். "அது என்ன? காக்கா. கா கா சொல்லு" என்று ஒரு நாளில் நூறு முறை நடக்க வேண்டிய உரையாடல் முப்பதாகச் சுருங்குகிறது. மூளைக்கு இரும்பு குறைந்தது முதல் இழப்பு. குழந்தையைச் சுற்றியுள்ள உலகம் அதனிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டது இரண்டாவது இழப்பு.

மூன்று மாத மருந்தில் ரத்தசோகை குணமானது. ஆனால் நீண்ட நாள் குறைவோடு இருந்தவர்களின் மதிப்பெண் மற்றவர்களை எட்டவில்லை. 5 வயதிலும், 11 முதல் 14 வயதுக்குள்ளும், 19 வயதிலும் அந்தப் பிள்ளைகளைத் தேடிப் போய்ச் சோதித்தார்கள். நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் இடைவெளி 8, 9 புள்ளிகளிலேயே நின்றது. ஏழைக் குடும்பங்களில், கைக்குழந்தையாக இருந்தபோது 10 புள்ளியாக இருந்த இடைவெளி 19 வயதில் 25 ஆனது. இரு தரப்பிலும் இரும்புக் குறைவு ஒன்றுதான். வீட்டின் நிலைமைதான் அதைப் பெருக்கியது அல்லது பெருகாமல் தடுத்தது.

இரும்பு மூளையில் என்ன வேலை செய்கிறது? ரத்தத்துக்கு நிறம் தருவதோடு அதன் பணி முடிவதில்லை. நரம்பிழைகளைச் சுற்றி மின்கம்பியின் ரப்பர் உறைபோல ஒரு கொழுப்புறை படிகிறது. செய்தி வேகமாகப் போவது அதனால்தான். அந்த உறையை உருவாக்கும் செல்களுக்கு இரும்பு வேண்டும். ஆர்வத்தையும் உற்சாகத்தையும் தூண்டும் டோபமைன் உற்பத்திக்கும் அது வேண்டும். நினைவுக்கு அடிப்படையான ஹிப்போகாம்பஸ் பகுதி, குழந்தைப் பருவத்தில் வேகமாக வளர்கையில் நிறைய சக்தியைச் செலவழிக்கிறது. அங்கும் இரும்பு இல்லாமல் வேலை நடக்காது. இவையெல்லாம் மிக வேகமாக நடப்பது கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களுக்கும் இரண்டாவது பிறந்தநாளுக்கும் இடையில்தான்.

பொதுவெளியில் அதிகம் பேசப்படாத ஒரு செய்தி இருக்கிறது. உடலில் இரும்புத் தட்டுப்பாடு வரும்போது, கையில் இருப்பதை உடல் முதலில் சிவப்பணுக்களுக்கே கொடுக்கிறது. மூளையின் பங்கு அதற்குப் பிறகுதான். அதாவது ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே மூளையில் பற்றாக்குறை தொடங்கியிருக்கலாம். விரலில் குத்தி, 100 மில்லி ரத்தத்தில் 11 கிராமுக்குக் கீழ் என்று நாம் கண்டுபிடிக்கும் ரத்தசோகை, அந்தக் கதையின் கடைசி அத்தியாயம். "பிள்ளைக்கு ரத்தம் கம்மியா இருக்கு" என்று ஒருவர் சொல்லும் நாளில் மூளை ஏற்கெனவே சில மாதங்களாகக் குறைவைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கும்.

இதை மனதில் வைத்துக்கொண்டால், புதிராகத் தோன்றும் இரண்டு ஆய்வுகள் புரியும். வங்கதேசத்தின் ரூப்கஞ்ச் பகுதியில் 8 மாதம் நிரம்பிய 3,300 குழந்தைகளைச் சேர்த்து நடந்த சோதனையின் முடிவு 2021இல் வெளியானது. சிலருக்கு இரும்பு சிரப், சிலருக்கு இரும்பு கலந்த நுண்சத்துப் பொடி, மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி. மூன்று மாதம் கொடுத்தார்கள். ரத்தசோகை குறைந்தது. அறிவு வளர்ச்சிச் சோதனையில் வித்தியாசம் ஏதும் தெரியவில்லை. நேபாளத்தின் சர்லாஹி மாவட்டத்தில் வேறு மாதிரி நடந்தது. கர்ப்ப காலத்தில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பெற்ற தாய்மார்களின் பிள்ளைகள் 7 முதல் 9 வயதில், அவற்றைப் பெறாத தாய்மார்களின் பிள்ளைகளைவிட நினைவாற்றலிலும் கைவேலை நுணுக்கத்திலும் முன்னால் நின்றார்கள். ஆனால் குழந்தைக்கு ஒரு வயதுக்குப் பிறகு நேரடியாக இரும்பு கொடுத்ததில் அப்படிப் பலன் கிடைக்கவில்லை.

இதைப் பார்த்து "அப்படியானால் சிரப் எதற்கு?" என்று கேட்பது தவறு. ரத்தசோகையோடு இருக்கும் குழந்தைக்கு மருந்து கொடுத்தே ஆக வேண்டும். களைப்பு, பசியின்மை என அதற்கு வேறு துன்பங்களும் உண்டு. ரத்தசோகை இல்லாத இந்தியா இயக்கத்தின்படி 6 மாதம் முதல் 5 வயது வரை வாரம் இருமுறை 1 மில்லி சிரப் கொடுக்கச் சொல்லியிருப்பதும் சரிதான். என் வாதம் வேறு. கதையைச் சிரப்பில் தொடங்கினால் நடுவில் தொடங்குகிறோம்.

தொடக்கம் தாயின் உடலில் இருக்கிறது. குழந்தை முதல் 4, 5 மாதங்களைத் தாய் கொடுத்தனுப்பிய இரும்புச் சேமிப்பில்தான் ஓட்டுகிறது. தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு, இருப்பது உடலில் நன்றாகச் சேரும் என்பதுதான் ஆறுதல். அந்தச் சேமிப்பு நிரம்புவது கர்ப்பத்தின் கடைசி மாதங்களில். தாயே ரத்தசோகையோடு இருந்தால், குறைமாதத்தில் பிறந்தால், இரட்டைக் குழந்தையானால் சேமிப்பு குறையும். பிரசவ அறையில் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடியைப் பட்டென்று கவ்வி வெட்டாமல் ஒரு நிமிடமாவது பொறுத்தால், நஞ்சுக்கொடியில் உள்ள ரத்தம் குழந்தைக்குள் வந்து சேர்கிறது. உலக சுகாதார நிறுவனமே இதைப் பரிந்துரைக்கிறது. ஸ்வீடனில் மூன்று நிமிடம் காத்திருந்த குழந்தைகளுக்கு நான்காம் மாதத்தில் இரும்புச் சேமிப்பு கணிசமாகக் கூடியிருந்தது. ஒரு பைசா செலவில்லாத மருந்து இது. கர்ப்பிணியின் குடும்பத்தார் மருத்துவரிடம் இதைக் கேட்டுவைப்பதில் தவறே இல்லை.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21) இந்தியாவில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67.1 விழுக்காட்டினருக்கும், தமிழ்நாட்டில் 57.4 விழுக்காட்டினருக்கும் ரத்தசோகை. தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 விழுக்காடு. விரல் நுனி ரத்தத்தில் அளப்பதால் இந்த எண்ணிக்கை கூடிவிடுகிறது என்ற விமர்சனம் நியாயமானது. ரத்தக் குழாயிலிருந்து நேராக ரத்தம் எடுத்த 2016-18 தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் 1 முதல் 4 வயதுப் பிள்ளைகளில் 41 விழுக்காடுதான் வந்தது. அப்படியே வைத்துக்கொண்டாலும் ஐந்தில் இரண்டு பிள்ளைகள்.

இனி உயரம். ஒரு பிள்ளை குட்டை என்றால் "அப்பா மாதிரி" என்று முடித்துவிடுவோம். ஆனால் முதல் இரண்டு வயதில், நல்ல உணவும் நல்ல பராமரிப்பும் கிடைத்தால் எந்த நாட்டுக் குழந்தையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வளர்கிறது. இரண்டாம் பிறந்தநாளில் ஒரு பெண் குழந்தையின் நீளம் 80 செ.மீ.க்கும் குறைவு என்றால் அது வளர்ச்சி குன்றியதன் அடையாளம். குட்டையாக இருப்பதால் அறிவு குறைகிறது என்று இதற்குப் பொருளில்லை. எலும்பை வளரவிடாத அதே காரணங்கள், அதாவது சத்தில்லாத சாப்பாடு, ஓயாத வயிற்றுப்போக்கு, குடலில் தீராத அழற்சி ஆகியவை, மூளையையும் வளரவிடாமல் செய்கின்றன. உடலில் அழற்சி இருந்தால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, குடலில் இரும்பு நுழையும் வாசலையே மூடிவிடும். அதனால்தான் குன்றிய வளர்ச்சியும் ரத்தசோகையும் பல வீடுகளில் சேர்ந்தே வருகின்றன. அளவுநாடா காட்டுவது விளைவைத்தான்.

நம் ஊரிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. எட்டு நாடுகளில் நடந்த மால்-எட் ஆய்வின் இந்தியப் பகுதியாக, 2010 முதல் 2012 வரை வேலூரின் நெரிசலான குடியிருப்புகளில் பிறந்த 251 குழந்தைகளைக் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக் குழு பின்தொடர்ந்தது. ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் இரண்டு வயதில் வளர்ச்சி குன்றியிருந்தார்கள். 2, 5, 9 என மூன்று வயதிலும் குன்றியே இருந்தவர்களைவிட, ஒருபோதும் குன்றாத பிள்ளைகள் ஒன்பதாம் வயது அறிவுச் சோதனையில் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். இந்தக் குழு ரத்தத்தில் ஈயத்தின் அளவையும் பார்த்தது. அதிக ஈயமும் குறைந்த மதிப்பெண்ணும் சேர்ந்து வந்தன. இரும்பு இல்லாத குடல் ஈயத்தை இன்னும் ஆவலாக உறிஞ்சும். சுவரைச் சுரண்டி, மண்ணைத் தின்னும் குழந்தையை அடித்துத் திருத்தப் பார்க்கிறோம். அந்தப் பழக்கமே பல நேரம் இரும்புக் குறைவின் அறிகுறி. அடிப்பதைவிட ரத்தத்தைச் சோதிப்பது நல்லது.

இவை எல்லாமே சராசரிகள். உங்கள் வீட்டுப் பிள்ளை இரண்டு வயதில் 79 செ.மீ. இருந்தது என்பதற்காக அதன் எதிர்காலம் எழுதப்பட்டுவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். மாற்ற முடியும் என்பதற்கும் உறுதியான சான்று இருக்கிறது. குவாதமாலாவின் நான்கு கிராமங்களில் 1969 முதல் 1977 வரை ஊட்டச்சத்து ஆய்வு நடந்தது. இரண்டு வயதுக்குள் புரதச்சத்து நிறைந்த கஞ்சி கிடைத்த ஆண்கள், வளர்ந்தபின் அது கிடைக்காதவர்களைவிட ஒரு மணி நேர வேலைக்கு 46 விழுக்காடு அதிகக் கூலி பெற்றார்கள். வாசிப்புத் திறனில் ஆண் பெண் இருபாலாரும் முன்னேறியிருந்தார்கள்.

ஆனால் எனக்கு நெஞ்சில் நிற்பது ஜமைக்கா. 1986-87இல் கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் 9 முதல் 24 மாத வயதில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை சாலி கிரந்தம்-மெக்ரெகர் குழு நான்காகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு கிலோ பால்மாவு. இன்னொரு பிரிவுக்கு வாரம் ஒரு மணி நேர வீட்டு வருகை. மூன்றாவதற்கு இரண்டும். நான்காவதற்கு எதுவும் இல்லை. வீட்டுக்குப் போனவர்கள் மருத்துவர்கள் அல்ல, அந்தப் பகுதிச் சுகாதாரப் பணியாளர்கள். தூக்கிப்போடும் டப்பாக்களிலிருந்தும் அட்டைகளிலிருந்தும் செய்த பொம்மைகளை எடுத்துப்போய், தாயோடும் குழந்தையோடும் உட்கார்ந்து விளையாடினார்கள். குழந்தையிடம் எப்படிப் பேசுவது, எப்போது பாராட்டுவது என்று தாய்க்குக் காட்டினார்கள். இப்படி இரண்டு வருடம். பால்மாவின் பலன் சில ஆண்டுகளில் பெரும்பாலும் மங்கியது. விளையாட்டின் பலன் நின்றது. 22 வயதில், வீட்டு வருகை பெற்றவர்களின் சம்பாத்தியம் பெறாதவர்களைவிட 25 விழுக்காடு அதிகம். வளர்ச்சி குன்றாமல் வளர்ந்த அண்டை வீட்டுப் பிள்ளைகளை அவர்கள் எட்டிப் பிடித்திருந்தார்கள்.

உணவு வேண்டாம் என்று யாரும் இதைப் படித்துவிடக் கூடாது. பசித்த பிள்ளையோடு விளையாட முடியாது. நம்மிடம் உணவுக்குத் திட்டம் இருக்கிறது. சத்துமாவு இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கான முத்துலட்சுமி ரெட்டி திட்டப் பெட்டகத்தில் பேரீச்சம்பழமும் இரும்பு டானிக்கும் வருகின்றன. ஓட்டைகள் வேறு இடத்தில். இரும்பு மாத்திரை வாங்கிய கர்ப்பிணி, வயிறு பிரட்டுகிறது என்று பாதியில் நிறுத்துகிறார். டீயோடு விழுங்குகிறார், டீ இரும்பைச் சேரவிடாது. சிரப் குடித்த குழந்தைக்கு மலம் கறுப்பாகப் போகிறது. அது இயல்புதான் என்று ஒருவரும் சொல்லாததால் பாட்டி பயந்து பாட்டிலை ஓரம் வைத்துவிடுகிறார். ஒரு வயதாகும் முன்பே பசும்பாலை வயிறு நிறையக் கொடுக்கிறோம். அதில் இரும்பு மிகக் குறைவு, சாதத்துக்கும் இடமில்லாமல் போகிறது. முருங்கைக்கீரை நல்லதுதான். ஆனால் அதில் இருக்கும் இரும்பு எளிதில் உடலில் சேராது, எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூடவே வேண்டும். ஈரலையும் மீனையும் மசித்து ஆறு மாதத்துக்குப் பின் சிறிது சிறிதாக ஊட்டலாம் என்பதை ஏற்றுக்கொள்ளப் பல வீடுகளில் தயக்கம். உள்ளங்கை, கண் இமையின் உள்பக்கம் வெளிறியிருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவர்கள்கூட, வெளிறாத குறைவும் உண்டு என்பதை அறிந்திருப்பதில்லை.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளோடு வீட்டில் விளையாடுவதற்காக மத்திய அரசு 2024இல் 'நவசேதனா' என்ற வழிகாட்டியை வெளியிட்டது. மாதத்துக்கு மாதம் என்ன விளையாட்டு என்று அதில் இருக்கிறது, கிங்ஸ்டனில் செய்தது போலத்தான். ஆனால் நம் அங்கன்வாடிப் பணியாளர் காலையில் முன்பருவப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறார், சமையலைப் பார்த்துக்கொள்கிறார், மாலையில் கைபேசிச் செயலியில் எடையும் உயரமும் ஏற்றுகிறார், இடையில் தேர்தல் பணிக்கும் கணக்கெடுப்புக்கும் அழைக்கப்படுகிறார். இடுப்பை விட்டு இறங்காத அந்தச் சமத்துப் பிள்ளையின் வீட்டுக்குப் போய், காலி டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கிக் காட்ட அவருக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்காக, அவர் நிரப்பும் பதிவேடுகளில் எதை நிறுத்தப் போகிறோம் என்பதை அரசு முதலில் முடிவு செய்யட்டும்.