ஸ்டிக்கர் பசையும் தாரும்: பெயின்ட்டில் கீறல் விழாமல் அகற்றுவது எப்படி?

எமது வியாபாரிகளில் பெரும்பாலானோரிடம் ஒரு வேனோ, லொறியோ, முச்சக்கரவண்டியோ இருக்கின்றது. சாமான் ஏற்றி இறக்குவதற்கு மட்டுமன்றி, அவசரத்துக்கு விற்றுப் பணமாக்கக்கூடிய சொத்தாகவும் அதனையே நாம் நம்பியிருக்கின்றோம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனிப்பட்ட பாவனை வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. கையிலுள்ள பழைய வாகனத்தின் பெறுமதி என்னவென்று அந்த ஐந்து வருடங்களில் நாம் எல்லோரும் நன்றாகவே கற்றுக்கொண்டோம். ஆனாலும் எஞ்சினுக்கு ஒயில் மாற்றுவதில் காட்டும் கவனத்தில் கால்வாசியைக்கூட நாம் பெயின்ட்டில் காட்டுவதில்லை. இதற்கு நானே நல்ல உதாரணம்.

2018இல் ஒரு நிறுவனத்தின் விநியோக உரிமை எனக்கு முடிவுக்கு வந்தது. டிலிவரிக்காகப் பாவித்த கடும் நீல நிற வேனை விற்றுவிடத் தீர்மானித்தேன். அதன் இரு பக்கங்களிலும் அந்த நிறுவனத்தின் பெயர் பெரிய ஸ்டிக்கர் எழுத்துகளில் ஒட்டப்பட்டிருந்தது. கடையில் வேலை செய்த பையனிடம் கழற்றச் சொன்னேன். ஆறு வருட வெயிலில் காய்ந்த ஸ்டிக்கர் துண்டு துண்டாகக் கிழிந்து வந்ததே தவிர, பசை அப்படியே நின்றது. அவன் பிளேட்டால் சுரண்டினான். அதற்கும் வராதபோது, பாத்திரம் தேய்க்கும் பச்சை நிறத் தேய்ப்பானில் தின்னர் ஊற்றி உரசினான். அன்று மாலைக்குள் பசை போய்விட்டது. எனக்கும் சந்தோஷம்தான்.

மூன்று நாட்களின் பின் குருநாகலில் இருந்து ஒருவர் வேனைப் பார்க்க வந்தார். பொழுது சாயும் நேரம். வெயில் சரிவாக விழுந்தபோது, எழுத்துகள் இருந்த இடமெல்லாம் புகை படிந்தது போல் மங்கித் தெரிந்தது. அதற்குள் நூற்றுக்கணக்கான வட்டக் கீறல்கள். "நானா, வேன் நல்ல வேன்தான். ஆனா ரெண்டு பக்கமும் பெயின்ட் அடிக்க வேண்டி வருமே" என்றார். பேசிய விலையில் எண்பதாயிரம் ரூபாவைக் குறைத்துத்தான் கொடுக்க வேண்டியதாயிற்று. அன்று இரவு பையனைக் கடுமையாக ஏசினேன். பிறகு யோசித்துப் பார்த்தால், தின்னர் போத்தலை அவன் கையில் எடுத்துக் கொடுத்தவன் நான்தான். எப்படிச் செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்காதவனும் நான்தான்.

அதன்பின் எனக்குத் தெரிந்த ஒரு பெயின்ட் பாஸிடம் போய் இதைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னதன் சுருக்கம் இதுதான்: "பசையை உரசி எடுக்கிறதில்ல முதலாளி, ஊறவிட்டு எடுக்கிறது." அன்று முதல் எனது வாகனங்களில் இம்முறையையே பின்பற்றி வருகின்றேன். இக்கட்டுரையில் நான் சொல்லப் போவதெல்லாம் அந்த ஒரு வசனத்தின் விரிவுதான்.

பெயின்ட் எவ்வளவு மெல்லியது?

இன்றைய வாகனங்களில் தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், அதற்கு மேல் கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற பூச்சு என நான்கு அடுக்குகள் இருக்கின்றன. இவை எல்லாம் சேர்ந்தாலும் கம்பனிப் பெயின்ட்டின் கனம் சாதாரணமாக 100 முதல் 150 மைக்ரோன் வரைதான். போட்டோகொப்பி எடுக்கும் தாள் ஒன்றின் கனமே ஏறத்தாழ 100 மைக்ரோன். மினுமினுப்பைக் கொடுப்பதும், நிறத்தை வெயிலில் இருந்து காப்பதும் மேலுள்ள கிளியர் கோட்தான். அதன் கனம் அந்தத் தாளில் பாதியளவு கூட இல்லாமல் இருக்கலாம்.

வீதித் தூசியில் உள்ள மணலோ இந்தப் பூச்சைவிடப் பன்மடங்கு கடினமானது. எனவே தூசி படிந்த வாகனத்தைத் துணியால் அழுத்தித் துடைப்பது, மணல்தாளால் தேய்ப்பதற்குச் சமம். பச்சைத் தேய்ப்பானைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அதன் நாரிலேயே உராய்வுத் துகள்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. கீறலைப் பொலிஷ் செய்து மறைக்கலாம் என்பார்கள். பொலிஷ் செய்வது என்றால் கீறலைச் சுற்றியுள்ள பூச்சையும் தேய்த்துக் குறைப்பதுதான். ஒவ்வொரு பொலிஷும் கையிருப்பில் இருந்து எடுத்துச் செலவழிப்பது போன்றது.

தொடங்குவதற்கு முன்

முதலில் வாகனத்தை நிழலில் நிறுத்தி, நிறையத் தண்ணீர் அடித்து, வாகன ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். இரண்டு வாளிகள் வையுங்கள். ஒன்றில் ஷாம்புத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். அழுக்கான துணியை ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணீரில் அலசிய பிறகே ஷாம்புத் தண்ணீரில் தோய்க்க வேண்டும்.

அடுத்தது பரிசோதனை. கதவின் உட்பக்க விளிம்பு போன்ற கண்ணில் படாத இடத்தில், பாவிக்கப் போகும் திரவத்தை வெள்ளைத் துணியில் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். துணியில் வாகனத்தின் நிறம் ஏறினால் நிறுத்தி விடுங்கள். எமது பழைய வாகனங்கள் பலவற்றில் ஒரு கதவோ மட்காடோ மலிவான என்.சி. பெயின்ட்டில் மீள அடிக்கப்பட்டிருக்கும். அவ்வகைப் பெயின்ட் எத்தனை வருடம் சென்றாலும் தின்னர் பட்டால் கரையும். புதிதாகப் பெயின்ட் அடித்த வாகனமாயின் ஒரு மாதமாவது பொறுத்திருப்பது நல்லது.

ஸ்டிக்கரும் பசையும்

ஸ்டிக்கர் பசை சூட்டில் இளகும். ஆகவே ஸ்டிக்கரை முதலில் ஹெயார் ட்ரையரால் சூடாக்குங்கள். ஓரிடத்தில் நிறுத்தாமல் அங்குமிங்கும் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தகட்டில் உள்ளங்கையை வைத்துத் தாங்க முடியாவிட்டால் சூடு அதிகம் என்று அர்த்தம். பிறகு ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, ஸ்டிக்கரை வெளிப்புறமாக இழுக்காமல், அதன் மேலேயே மடித்துப் பின்னோக்கி மெதுவாக இழுங்கள். அவசரப்பட்டு இழுத்தால் மேற்தாள் கிழிந்து பசை தங்கிவிடும். பொறுமையாக இழுத்தால் பசையில் பெரும் பகுதி ஸ்டிக்கரோடு சேர்ந்தே வரும்.

மிஞ்சிய பசைக்கு எப்போதும் மென்மையான பொருளில் இருந்து தொடங்குங்கள். வீட்டுத் தேங்காய் எண்ணெயே பல பசைகளை இளக்கும், ஆனால் நேரமெடுக்கும். அதற்கு அசையாவிட்டால் மண்ணெண்ணெய், அல்லது டபிள்யூ.டி. 40 போன்ற ஸ்பிரே. துணியை நன்றாக நனைத்துப் பசையின் மேல் போட்டு, ஐந்து முதல் பத்து நிமிடம் அப்படியே விட்டு விடுங்கள். இந்தப் பத்து நிமிடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் கஷ்டமான வேலை. என்னைப் போன்றவர்கள் தோற்பதும் இங்கேதான். பசை இளகியதும் விரலால் உருட்டினாலே உருண்டு வரும். வராத இடத்துக்கு மீண்டும் திரவம் போட வேண்டுமே தவிர, அழுத்தத்தைக் கூட்டக் கூடாது. மென்மையான மைக்ரோபைபர் துணியால், வட்டமாக அல்லாமல் ஒரே திசையில், துணியின் சுத்தமான பக்கத்தை அடிக்கடி மாற்றித் துடையுங்கள். முடிந்ததும் ஷாம்பு போட்டுக் கழுவாவிட்டால் எண்ணெய்ப் படலத்தில் தூசி வந்து ஒட்டும்.

எல்லாப் பசையும் போன பிறகும் பழைய எழுத்துகள் நிழல் போலத் தெரியலாம். அது அழுக்கு அல்ல. ஸ்டிக்கரின் கீழ் இருந்த பெயின்ட் வெயில் படாமல் புதிதாக இருக்கின்றது, சுற்றியுள்ளதுதான் மங்கியிருக்கின்றது. இதை எவ்வளவு தேய்த்தாலும் போகாது. சுற்றியுள்ள பகுதியை மென்மையான பொலிஷால் சீராக்கினால் வித்தியாசம் குறையும்.

தார், எச்சம், சீமெந்து

புதிதாகத் தார் போட்ட வீதியில் ஓடிய வாகனத்தின் கீழ்ப்பகுதியில் கரும்புள்ளிகள் ஒட்டியிருக்கும். தாரும் மண்ணெண்ணெயும் பெற்றோலியத்தில் இருந்து வருபவையாதலால், ஒன்று மற்றதைக் கரைக்கும். இங்கும் அதே முறைதான்: நனைத்த துணியைப் போட்டு ஊறவிட்டு, தார் வழியத் தொடங்கியதும் ஒற்றி எடுக்க வேண்டும். தாருக்குள் சிறு மணலும் இருக்கும் என்பதால், துணியை இழுக்காமல் ஒற்றுவதே பாதுகாப்பு.

பறவை எச்சத்தைக் கண்ட அன்றே அகற்றி விடுங்கள். அதிலுள்ள அமிலம் வெயில் சூட்டில் கிளியர் கோட்டை அரித்துக் குழியாக்கிவிடும். ஈரத் துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டு வைத்தால் தானாகவே இளகும்.

கட்டட வேலைக்கு அருகில் நிறுத்திய வாகனத்தில் தெறித்த சீமெந்துக்குத் தண்ணீர் கலந்த வினாகிரி உதவும். ஊறவிட்டு, இளகியதும் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

கழுவிய பிறகும் கையால் தடவும்போது சொரசொரப்பாக இருந்தால், கிளே பார் எனும் களிமண் கட்டியைப் பாவிக்கலாம். ஷாம்புத் தண்ணீரால் பரப்பை வழுக்கச் செய்து, அழுத்தாமல் ஓட்ட வேண்டும். கட்டி நிலத்தில் விழுந்தால் விலையைப் பார்க்காமல் வீசி விடுங்கள். அதில் ஒட்டிய மணல் பெயின்ட் முழுவதையும் கீறிவிடும்.

கவனிக்க வேண்டியவை

பெற்றோலால் துடைக்கும் பழக்கம் எம்மிடையே இருக்கின்றது. அது வேண்டாம். அதன் ஆவி தரையோடு பரவி, எட்டத்தில் உள்ள சிறு நெருப்பிலும் பற்றிக்கொள்ளும். மண்ணெண்ணெயையும் காற்றோட்டமான இடத்தில், நெருப்பில்லாத தூரத்தில், கையுறை போட்டே பாவியுங்கள். நனைந்த துணிகளைச் சுருட்டி வேனுக்குள் போடாமல் வெளியில் விரித்துக் காயவிடுங்கள். தின்னரும் பெற்றோலும் முன் விளக்குகளின் பிளாஸ்டிக்கில் பட்டால் அது வெடித்து மங்கிப் போகும். வேலை செய்யும் இடத்தில் பிளேட்டும் பச்சைத் தேய்ப்பானும் இருக்கவே கூடாது.

ஏற்கனவே கீறல் விழுந்திருந்தால், நகத்தை அதன் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டாத கீறலைப் பொலிஷால் பெரும்பாலும் மறைக்கலாம். நகம் மாட்டினால் வீணாகத் தேய்க்காமல் பெயின்ட் பாஸிடம் காட்டுங்கள்.

கடந்த வருடம் எனது மற்ற வேனின் ஸ்டிக்கரை மாற்ற வேண்டி வந்தது. ஒரு போத்தல் மண்ணெண்ணெய், நான்கு துணிகள், அரை நாள் வேலை. அவ்வளவுதான் செலவு. செய்தவன் அன்று நான் ஏசிய அதே பையன்தான். இம்முறை வேலை தொடங்குமுன் அரை மணி நேரம் அவனோடு நின்று, எதை ஏன் செய்கின்றோம் என்று காட்டிக் கொடுத்தேன். வேலை முடிந்ததும் பொழுது சாயும் வரை காத்திருந்து, சரிவான வெயிலில் இருவரும் சேர்ந்தே பார்த்தோம். ஒரு கீறல்கூட இல்லை. 2018இலும் அந்த அரை மணி நேரத்தை ஒதுக்கியிருந்தால் எண்பதாயிரம் ரூபா என் கையில் இருந்திருக்கும்.