ஸ்டேஷன் பக்கத்தில் மட்டும் மாடிகள் முளைப்பது ஏன்?

வாடகை வீடு தேடும் செயலியைத் திறந்தால் 'மெட்ரோவுக்கு 5 நிமிட நடை' என்ற வரி கண்ணில் படாமல் போகாது. அந்த ஐந்து நிமிடத்துக்குத்தான் கூடுதல் வாடகை. நடந்து பார்த்தால் பதினைந்து ஆவது வேறு கதை!

ரயிலைத் தொடர்ந்து வீடுகள் நெருக்கமாவது சென்னைக்குப் புதிதல்ல. 1931-ல் கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலம், பல்லாவரம், குரோம்பேட்டை என்று தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே நகரம் தெற்கே நீண்டது.

கணக்கு ரொம்ப சிம்பிள். ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரத்தில் மனை விலை ஏறுகிறது. அந்த விலைக்கு வாங்கி தனி வீடு கட்டினால் கட்டுப்படியாகாது; பல ஃபிளாட்களாகப் பிரித்தால்தான் கையைக் கடிக்காது. ஆனால், எவ்வளவு கட்டலாம் என்பதை எஃப்எஸ்ஐ என்ற தளப்பரப்புக் குறியீடுதான் முடிவு செய்யும். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில் சாதாரணக் கட்டடத்துக்கு அது 2. அதாவது ஒரு கிரவுண்டில், 2,400 சதுர அடி மனையில், 4,800 சதுர அடி கட்டலாம். உயரமான அடுக்குமாடிக்கு 3.25. பணம் கட்டினால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் எவ்வளவு என்பது மனைக்கு முன்னால் உள்ள ரோட்டின் அகலத்தைப் பொறுத்தது.

சிக்கல் இங்கேதான். மேற்கு மாம்பலம் மாதிரி பழைய பகுதிகளில் ஸ்டேஷன் பக்கம்தான், தெருவோ குறுகல். ரயில் அருகில் இருந்தும் மாடி ஏற முடியாது.

சரி, ரயில் வந்தாலே போதுமா? பறக்கும் ரயிலைப் பாருங்கள். 1995-ல் சேப்பாக்கம் வரை வந்தது, வேளச்சேரியைத் தொட 2007 ஆனது. பிரம்மாண்டமான நிலையங்கள், உள்ளே பல தளங்கள் வருடக்கணக்கில் காலி. இறங்கினால் இணைப்பு பஸ்ஸுக்குத் திண்டாட்டம்.

ஹாங்காங்கில் ரயில் நிறுவனமே நிலையத்துக்கு மேலே வீடு கட்டும் உரிமை வாங்கி, அந்த லாபத்தைப் பாதை போடச் செலவிடுகிறது. இங்கே ஏறும் மதிப்பு பெரும்பாலும் மனைக்காரருக்கே போகிறது.

இப்போது 118 கி.மீ. நீளத்துக்கு மெட்ரோ இரண்டாம் கட்டம். போரூர், பூந்தமல்லி, சோழிங்கநல்லூர் எல்லாம் அதன் வழியில் வருகின்றன. வாடகை ஏறினால் முதலில் காலி செய்வது கார் வைத்திருப்பவரல்ல, தினமும் ரயிலையும் பஸ்ஸையும் நம்பியிருப்பவர்தான். ஸ்டேஷன் பக்கத்துப் புது ஃபிளாட்டின் தரைத்தளம் முழுக்க கார்கள் நிற்கும். அங்கே வீட்டு வேலைக்கு வருபவர் இரண்டு பஸ் மாறி வருவார்.