ரோட் ராஷ் மறுபடியும் வருமா?

கள்ளிக்குப்பத்தில் எங்கள் எதிர் வீட்டு அண்ணன் புது லேப்டாப் வாங்கினார். "தம்பி, ரோட் ராஷ் போட்டுக் குடுப்பா" என்றார். இணையத்தில் தேடி டவுன்லோடு செய்த செட்டப் ஃபைலைத் திறப்பதற்குள் ஆன்டிவைரஸ் எச்சரித்தது. உடனே அழித்துவிட்டேன்.

எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 1991-ல் சேகா ஜெனிசிஸ் கருவிக்காக வெளியிட்ட பைக் ரேஸ் இது. நம் கம்ப்யூட்டர்களில் ஓடியது 1996-ல் வந்த விண்டோஸ் 95 பதிப்பு. பக்கத்தில் வருபவனை உதைக்கலாம். அவன் தடியைப் பிடுங்கி அவனையே அடிக்கலாம். போலீஸ் பிடித்தால் அபராதம். கீழே விழுந்தால் பைக் கிடக்கும் இடத்துக்கு ஓட வேண்டும். நான் ஜெயித்ததைவிட ஓடியதுதான் அதிகம்!

அந்தக் காலத்து கேம்கள் பலவற்றின் இன்ஸ்டாலர் 16 பிட் புரோகிராம். இன்றைய 64 பிட் விண்டோஸ் அதை இயக்காது. ஆகவே பழைய சிடி கையில் இருந்தாலும் பயன்படும் என்று சொல்ல முடியாது. ரீமேக் வேண்டும் என்று நான் கேட்பது இதற்காகத்தான். கிராபிக்ஸ் பளபளக்க வேண்டாம், அந்தத் தடி போதும்.

இதே பாணியில் வேறொரு குழு 2017-ல் வெளியிட்ட ரோட் ரிடெம்ப்ஷன் ஸ்டீமில் விலைக்குக் கிடைக்கிறது. உங்கள் கம்ப்யூட்டர் தாங்குமா என்று பார்த்து வாங்குங்கள். 'இலவச ரோட் ராஷ்' ஃபைல்களைத் தொடாதீர்கள். அண்ணனுக்கும் அதையே போட்டுக் கொடுத்தேன். "தடி இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார்.