அம்மணியும் வெள்ளைப் பாவாடையும்

நைனார்பாளையத்திலோ சின்னசேலத்திலோ ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் போய் உட்காருங்கள். தேவதை வேஷம் போட்ட சிறுமி ஒருத்தி எப்படியும் மேடைக்கு வந்துவிடுவாள். வெள்ளை வலைத்துணியில் மணி போல விரிந்த பாவாடை, முதுகில் இரண்டு சிறகுகள், தலையில் பூ வளையம். நம் ரம்பையும் ஊர்வசியும் இப்படியா உடுத்தினார்கள்? இல்லவே இல்லை. அந்த உடுப்பு பிறந்த ஊர் பாரிஸ். பிறந்த நாள் 1832 மார்ச் 12.

அன்றுதான் பாரிஸ் ஆப்பரா அரங்கில் 'லா ஸில்ஃபீட்' என்னும் பாலே நாட்டியம் அரங்கேறியது. காற்றில் உலாவும் மோகினியாக வந்தவர் மேரி டாக்லியோனி. அதற்கு நூறு வருஷம் முன்னால் பாலே ஆடிய பெண்களின் பாட்டைக் கேட்காதீர்கள்! இடுப்பைச் சுற்றிக் கூடை போன்ற சட்டம், அதன் மேல் தரை புரளும் கனத்த பட்டு. கால் என்று ஒன்று இருப்பதே ரசிகர்களுக்குத் தெரியாது. காமார்கோ என்ற நடனமாது பாதம் தெரியும்படி பாவாடையைச் சற்றுக் குறைத்துக் கொண்டதற்கே ஊரெல்லாம் ஒரே பேச்சு. மேரி ஸாலே என்பவர் 1734-ல் லண்டனில் கூடையைத் தூக்கி எறிந்துவிட்டு, வெறும் மஸ்லின் அங்கியில், கூந்தலை அவிழ்த்துவிட்டு ஆடினார். துணிச்சல்காரி!

டாக்லியோனியின் உடுப்பை வரைந்து கொடுத்தவர் ஓவியர் யூஜீன் லாமி என்பார்கள். கூர்ந்து பார்த்தால் அது அன்றைய சீமாட்டிகளின் விருந்து உடையேதான்: இறுக்கிப் பிடித்த ரவிக்கை, திறந்த தோள், குடை போல விரியும் பாவாடை. பட்டுக்குப் பதில் மெல்லிய வெள்ளைத் துணி; அவ்வளவுதான் வித்தியாசம். காஸ் விளக்கு வெளிச்சத்தில் நிலா வெளிச்சமே எழுந்து ஆடுவது போலிருந்ததாம். பிறகென்ன? மேடையைப் பார்த்து வீட்டுப் பெண்களும் டாக்லியோனி போலத் தலைநடுவே வகிடெடுத்து வாரிக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

அந்த அழகுக்குக் கொடுத்த விலை கொஞ்சமல்ல. மேடையோரம் வரிசையாக எரியும் விளக்குகள். பட்டால் பற்றிக்கொள்ளும் துணி. 1844-ல் லண்டனில் கிளாரா வெப்ஸ்டர் என்ற பெண் ஆடிக்கொண்டிருக்கும்போதே தீப்பிடித்து, சில நாளில் இறந்தாள். தீப்பிடிக்காத மருந்தில் துணியைத் தோய்த்துக் கொள்ளும்படி பாரிஸில் உத்தரவே வந்தது. எம்மா லிவ்ரி என்ற இளம் நடனமாது மாட்டேன் என்றாள். தோய்த்தால் துணி விறைத்துப் போகிறதாம், வெளுப்பு மங்குகிறதாம். 1862 நவம்பரில் ஓர் ஒத்திகையின்போது அவள் பாவாடையில் தீப்பற்றியது. எட்டு மாதம் வேதனைப்பட்டு, 1863 ஜூலையில் கண்ணை மூடினாள்.

இதிலெல்லாம் நமக்கு என்ன சம்பந்தம் என்கிறீர்களா? நெருங்கிய சம்பந்தம் இருக்கிறது. கடலூருக்குப் பக்கத்தில் கெடிலக் கரையில் உள்ள திருவஹீந்திரபுரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1993-ல் தென்னாற்காடு ஜில்லா பிரிக்கப்படும் வரை நைனார்பாளையமும் அந்த ஊரும் ஒரே ஜில்லாதான்.

பாரிஸ்காரர்களுக்கு இந்திய தேவதாசி என்றால் அளவு கடந்த மோகம். 'பயதேர்' என்று பெயர் சூட்டி வைத்திருந்தார்கள். டாக்லியோனியே 1830-ல் 'தெய்வமும் பயதேரும்' என்ற ஆப்பராவில் தேவதாசியாக ஆடியவர்தான். அவர்கள் யாரும் தேவதாசியைக் கண்ணால் பார்த்ததில்லை. அதனால் என்ன, கற்பனைக்குப் பஞ்சமா?

1838-ல் டார்டிவெல் என்ற பிரெஞ்சுக்காரர் நிஜமான தேவதாசிகளையே அழைத்துக்கொண்டு போய் இறக்கிவிட்டார். திருவஹீந்திரபுரத்துப் பெருமாள் கோயிலைச் சேர்ந்த ஐந்து பேர். கூட வாத்தியக்காரர்கள் மூவர். மூத்தவர் தில்லையம்மாள். பதினெட்டு வயசு அம்மணிதான் நட்சத்திரம். மற்ற பெண்களின் பெயர்கள் பிரெஞ்சுக்காரர் வாயில் புகுந்து ராம்கூன், சவுந்திரூன், வேதூன் என்று வெளியே வந்தன. அந்த வேதூனுக்கு வயசு ஆறு!

மன்னர் லூயி பிலிப்பின் முன்னால் ஆடினார்கள். ஆகஸ்டு 22 முதல் வரியேத்தே என்னும் அரங்கில் ஆடினார்கள். அது தமாஷ் நாடகங்கள் போடும் கொட்டகை! ரசிகர்கள் எதிர்பார்த்தது நுனிக்காலில் மிதக்கும் வெள்ளை மோகினியை. வந்தவர்களோ வெறுங்காலில் சலங்கை கட்டி, நகையும் பளபளப்புமாக, தரையை ஓங்கி மிதித்து ஆடினார்கள். சிலர் உதட்டைப் பிதுக்கினார்கள். கவிஞர் தியோஃபில் கோத்தியே மட்டும் அம்மணியைக் கண்டு அசந்து போனார். அவளுடைய உடை, நகை, நிறம், அபிநயம் ஒன்று விடாமல் 'லா பிரெஸ்' பத்திரிகையில் எழுதித் தள்ளினார். அக்டோபரில் குழு லண்டன் அடெல்ஃபி அரங்குக்குப் போய்ச் சேர்ந்தது.

நிஜத்தைக் கண்ட பிறகாவது ஐரோப்பியர் கற்பனையை மாற்றிக்கொண்டார்களா? கிடையாது. 1877-ல் பீட்டர்ஸ்பர்க்கில் பெட்டிபா அமைத்த 'லா பயதேர்' பாலேயிலும் தேவதாசியின் ஆவி வெள்ளைப் பாவாடையில் நுனிக்காலில்தான் வருகிறாள். இன்றும் உலகமெங்கும் அப்படியே ஆடுகிறார்கள்.

வேடிக்கை இதோடு நிற்கவில்லை. பாலே ராணி அன்னா பாவ்லோவாவின் நட்பில் நாட்டியப் பக்கம் திரும்பியவர் ருக்மிணி தேவி. 1935-ல் அடையாறில் பரதநாட்டியம் ஆட வந்தபோது, சேலையைச் சுற்றிக் கட்டும் பழைய வழக்கத்துக்குப் பதிலாகத் தைத்த உடுப்பை மேடைக்குக் கொண்டுவந்தார். தைத்துக் கொடுத்தவர் மேடம் கஸான் என்ற இத்தாலியத் தையற்காரி! இன்று ஊருக்கு ஊர் அரங்கேற்றத்தில் காணும் விசிறி மடிப்பு உடைக்கு மூலம் அதுதான். பாலசரஸ்வதியோ கடைசி வரை சேலைக் கட்டை விடவில்லை. இடையில் 1947-ல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் கொடுமை ஒழிந்ததில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் அம்மணியின் குலத்துப் பெண்கள் மேடையை விட்டு இறங்கிய காலமும், புது உடுப்பில் மற்ற வீட்டுப் பெண்கள் ஏறிய காலமும் ஒன்றாகவே இருந்தன. இதை ஏனோ நாம் அதிகம் பேசுவதில்லை.

அம்மணிக்கு ஓர் உருவச்சிலை உண்டு. பாரிஸ் சிற்பி ழான் ஒகுஸ்த் பார் 1837-ல் டாக்லியோனியை ஸில்ஃபீட் வேஷத்தில் சிறு சிலையாக வடித்தார். அடுத்த வருஷமே அதே கையால் அம்மணியை வெண்கலத்தில் வார்த்தார். அவளுக்கு அவர் வெள்ளைப் பாவாடை போடவில்லை.