லாவண்டர் எண்ணெய்

எங்கள் வகுப்புக்கு வரும் அக்கா ஒருவர் சிறிய பாட்டில் ஒன்றைக் கொண்டு வந்தார். லாரி ஓட்டும் அவர் மகன் ஜம்முவில் வாங்கியது.

"தம்பி, இது லாவண்டர் எண்ணெயாம். வாசனை நன்றாக இருக்கிறது. தலைவலிக்கு இரண்டு சொட்டு குடிக்கலாமா?" என்று கேட்டார்.

"வேண்டாம் அக்கா. இது குடிக்கும் மருந்து இல்லை" என்றேன்.

ஏன் குடிக்கக் கூடாது? தெரிந்துகொள்வோம்.

எங்கே விளைகிறது?

லாவண்டர் ஒரு சிறிய செடி. பூ, கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். குளிர்ந்த மலைப் பகுதியில் நன்றாக வளரும். ஜம்மு காஷ்மீரில் பதர்வா என்ற ஊர் இருக்கிறது. அங்கே முன்பு மக்காச்சோளம் விதைத்த பலர் இன்று லாவண்டர் பயிரிடுகிறார்கள். ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் பூக்கும். ஜூன், ஜூலை மாதங்களில் பூவை அறுக்கிறார்கள்.

எண்ணெய் எடுப்பது எப்படி?

பெரிய பாத்திரத்தில் பூவைப் போட்டு மூடுவார்கள். அடியிலிருந்து நீராவி ஏறும். அது பூவில் உள்ள எண்ணெயையும் சேர்த்துக்கொண்டு குழாய் வழியாகப் போகும். குழாயைக் குளிர வைத்தால் ஆவி நீராகும். அந்த நீரின் மேல் எண்ணெய் மிதக்கும்.

100 கிலோ பூவில் சுமார் 1 லிட்டர் எண்ணெய்தான் கிடைக்கும். ஒரு சொட்டில் பல பூங்கதிர்களின் காரம் இருக்கிறது. பூ மென்மையானது. எண்ணெய் கடுமையானது.

வீட்டில் எதற்கு உதவும்?

* காய்ந்த பூவைச் சிறு துணிப்பையில் கட்டித் துணிப் பெட்டியில் வைக்கலாம். துணி மணக்கும். வாசனை குறைந்தால் பையைக் கசக்கி விடுங்கள்.
* கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டுத் தலையணை அருகே வைக்கலாம். சிலருக்கு மனம் அமைதியாகும்.
* கை, கால் பிடித்துவிட, இரண்டு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் இரண்டு சொட்டு கலக்கலாம். முதலில் முழங்கையின் உள்பக்கம் சிறிது தடவி ஒரு நாள் பாருங்கள். அரித்தால் விட்டுவிடுங்கள்.

கவனம் தேவை

எண்ணெயை அப்படியே உடம்பில் தேய்க்கக் கூடாது. கண்ணில் படக் கூடாது. விளக்கு, அடுப்பு அருகே வைக்கக் கூடாது. குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாட்டிலுடன் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்டுப் பயன்படுத்த வேண்டும்.

அக்காவின் பாட்டிலில் தமிழில் ஒன்றும் எழுதவில்லை. அவர் ஒரு துண்டுக் காகிதம் எடுத்தார். "குடிக்கக் கூடாது" என்று தன் கையால் எழுதினார். பாட்டிலில் ஒட்டினார்.

உங்கள் வீட்டுப் பாட்டில்களையும் எடுத்துப் பாருங்கள். பெயர் இல்லாததற்கு நீங்களே எழுதி ஒட்டுங்கள்.