வானத்தில் வண்ணம்... மண்ணில் மிச்சம்!

தீபாவளி இரவில் பச்சை, சிவப்பு, நீலம் என வானத்தில் பூக்கள் விரிவதைப் பார்த்துக் கைதட்டி இருப்பீர்கள். சில நொடிகளில் அவை மறைந்து விடும். அந்த வண்ணங்கள் எல்லாம் எங்கே போயின என்று யோசித்தது உண்டா குட்டீஸ்?

பட்டாசுக்கு வண்ணம் தருபவை உலோகங்கள். பேரியம் உப்பு சூடானால் பச்சை, ஸ்ட்ரான்ஷியம் உப்பு சூடானால் சிவப்பு, செம்பு என்றால் நீலம், அலுமினியத் தூள் என்றால் பளீர் வெள்ளை! பட்டாசில் உள்ள காகிதமும் கரியும் எரிந்து போகும். ஆனால், உலோகம் அழியாது. தூசியாகிக் காற்றில் மிதந்து, கடைசியில் மண்ணில் வந்து படியும்.

நாம் சில நாட்கள் வெடிக்கும் பட்டாசை, மாதக் கணக்கில் செய்யும் ஊர் சிவகாசி. 1922ல் அய்ய நாடார், சண்முக நாடார் இருவரும் கல்கத்தா சென்று, தீப்பெட்டித் தொழில் கற்று வந்தனர். பின்னர் பட்டாசுத் தொழிலும் அங்கே வளர்ந்தது. மழை குறைந்த கரிசல் பூமி என்பதால், மருந்து காயவைக்க ஏற்ற இடம். மருந்து கலக்கும் இடம், மணி மருந்து காயும் மேடை, கழிவை எரிக்கும் குழி... இங்கெல்லாம் சிந்துவது மண்ணில்தான் சேரும்.

எந்த இடத்தில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது? கண்ணால் பார்த்தால் தெரியாது. அதற்குத்தான் மண் வரைபடம்!

எப்படி வரைகிறார்கள்?

முதலில், ஊரின் படத்தைச் சதுரங்கப் பலகை போலக் கட்டம் கட்டமாகப் பிரிப்பர். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு ஜாண் ஆழத்துக்குள் உள்ள மேல்மண்ணை எடுப்பர். இரும்புக் கரண்டியால் எடுக்க மாட்டார்கள். ஏன் தெரியுமா? கரண்டியின் உலோகம் மண்ணில் ஒட்டிக் கணக்கைக் கெடுத்து விடும். அதனால் மரக் கரண்டி அல்லது பிளாஸ்டிக் கரண்டிதான்!

எடுத்த மண்ணை உலர்த்தி, சலித்து, அமிலத்தில் கரைப்பர். கரைசலை ஒரு கருவியில் மிக அதிகச் சூட்டுக்கு உள்ளாக்குவர். அப்போது ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய ஒளியை வீசும். அந்த ஒளி எவ்வளவு பிரகாசமோ, அந்த உலோகம் மண்ணில் அவ்வளவு அதிகம்! ஆமாம், வானத்தில் பார்த்துக் கைதட்டினோமே, அதே வித்தைதான் மண்ணின் ரகசியத்தையும் சொல்லி விடுகிறது.

பிறகு, குறைவாக உள்ள கட்டத்துக்கு மஞ்சள், அதிகமாக உள்ள கட்டத்துக்குச் சிவப்பு என வண்ணம் தீட்டினால் வரைபடம் தயார்.

அவசரப்பட்டுப் பழி போடக்கூடாது. எந்த மண்ணிலும் இயற்கையாகவே கொஞ்சம் உலோகம் உண்டு. எனவே, ஆலைகள் இல்லாத தொலைதூர வயல் மண்ணையும் எடுத்து ஒப்பிட வேண்டும். சாலையோரத்தில் ஈயம் இருந்தால், அது பழைய வாகனப் புகையாகவும் இருக்கலாம். இந்தியாவில் 2000ம் ஆண்டில்தான், வாகனப் பெட்ரோலில் ஈயம் கலப்பது முடிவுக்கு வந்தது.

ஏன் இத்தனை பாடு?

மண்ணில் விளையாடிவிட்டுக் கை கழுவாமல் சாப்பிட்டால், உலோகம் வயிற்றுக்குள் போகும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு ஈயம் இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்ல, பாதுகாப்பான அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பட்டாசில் ஈயம், பாதரசம், ஆர்சனிக், ஆன்டிமனி, லித்தியம் ஆகியவற்றைச் சேர்க்க 2017ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2018ல் பேரியம் உப்புகளுக்கும் தடை வந்தது. ஆனால், முன்பே மண்ணில் விழுந்ததைத் தடை உத்தரவு அள்ளிவிடாது. எந்த இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டும், எங்கே கீரை விதைக்கக் கூடாது, அங்கன்வாடியை எங்கே கட்டலாம் என்பதை வரைபடம்தான் காட்டும். அது தொழிலுக்கு எதிரி அல்ல. அந்தத் தொழிலை நம்பி அங்கேயே வாழும் குடும்பங்களுக்குக் காவல்!

நம் வாசலிலும் பட்டாசு மிச்சம் கிடக்கும். அதைக் கையால் அள்ளாமல், தண்ணீர் தெளித்துத் துடைப்பத்தால் கூட்டுங்கள். கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள். அதற்குப் பிறகுதான் அதிரசம், முறுக்கு... சரியா குட்டீஸ்?