டிரவுட் மீனும் ஈத்தூண்டிலும்

தில்லியிலும் சண்டிகரிலும் உத்தியோக நிமித்தம் குடியேறியுள்ள நம்மவர், கோடை பிறந்ததும் குலு, மணாலி என்று மூட்டை கட்டுவது வழக்கம். பனியைத் தொட்டுப் பார்ப்பதும், சால்வை வாங்குவதும், ஊரிலுள்ளோர்க்குப் படம் அனுப்புவதுமாக நான்கு நாள் கழிந்துவிடும். அந்த நான்கு நாளில் மலையாற்றங்கரை ஒன்றில் நின்று ஈத்தூண்டில் போடக் கற்க விரும்பும் அன்பர்களுக்கு, சென்ற சித்திரையில் நாம் பட்ட பாட்டை வைத்துச் சில சொல்ல முற்படுகின்றோம்.

நாம் சென்ற இடம் தீர்த்தன் ஆறு. தில்லியிலிருந்து மணாலி செல்லும் இரவு பஸ்ஸில் ஏறி, விடியலில் ஔட் என்னுமிடத்தில் இறங்கி, பஞ்சார் வழியாக நாகினி, குஷைனி என்னும் சிற்றூர்களை அடையலாம். அந்த ஆற்றில் வாழும் பழுப்பு டிரவுட் மீன் இந்நாட்டிற்கு உரியதன்று. 1900ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்திலிருந்து அதன் முட்டைகள் காசுமீரத்திற்கு வந்தன. அங்கிருந்து 1909இல் குலுப் பள்ளத்தாக்கிற்கு வந்தது. நம் நீலகிரியிலும் ஏறக்குறைய அக்காலத்திலேயே அவலாஞ்சியில் வேறொரு வகை டிரவுட்டைப் பொரிக்க வைத்தனர். இந்திய ஆறுகளில் தூண்டில் போடுவது பற்றி 1873இலேயே விரிவான நூல் எழுதிய எச். எஸ். தாமஸ் என்பவர் சென்னை மாகாணத்து அதிகாரி என்பதையும் இங்கே குறிப்பிடலாம்.

தூண்டில் நமக்குப் புதிதன்று. மூங்கிற் கோலும் மண்புழுவும் தக்கையுமாக ஊர்க்குளத்தங்கரையில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பழக்கமே இங்கே முதற்பகையாயிற்று. ஊர்த் தூண்டிலில் ஈயக் குண்டின் கனமே நரம்பை இழுத்துச் செல்லும். ஈத்தூண்டிலிலோ, முள்ளின்மேல் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய் ஈக்குக் கனமே இல்லை, ஊதினால் பறந்துவிடும். அதனை எவ்வளவு பலங்கொண்டு வீசினாலும் காலடியிலேயே விழும். ஆகவே கனத்தை நூலிலேயே வைத்திருக்கின்றார்கள். தடித்த, மேற்பூச்சிட்ட, நீரில் மிதக்கும் நூல் அது. அதன் நுனியில் ஒன்பதடி நீளத்திற்கு, போகப்போக மெலியும் நரம்பைக் கட்டி, அதன் கோடியில் ஈயைக் கட்டுவர். நாம் வீசுவது நூலை. ஈ அதன் பின்னே போகின்றது. இந்த ஒன்று விளங்கிவிட்டால் பாதிக் கல்வி முடிந்தது.

மற்றப் பாதி, காத்திருத்தல். ஒன்பதடிக் கோலை முன்னிருந்து பின்னே வீசும்போது நூலும் வளைந்து பின்னே செல்லும். அது முழுவதும் நீண்டு நிமிரும்வரை கையை நிறுத்த வேண்டும். நிமிர்ந்த நூலின் கனம் கோலை வில்போல் வளைக்கும். அப்பொழுது முன்னே வீசினால் வில் நிமிரும் விசையில் நூல் பறக்கும். அவசரப்பட்டு முன்னரே வீசினால் சாட்டை சொடுக்கியது போல் ஓசை கேட்கும். ஈ அறுந்து எங்கோ போயிருக்கும். நமக்குக் கற்பித்த உள்ளூர் இளைஞர் ஒவ்வொரு பின்வீச்சிலும், “ருகியே, சாப்” என்பார். முதல் நாளில் அச்சொல்லை எத்தனை முறை கேட்டோம் என்பதற்குக் கணக்கில்லை. கோல், கடிகார முள்போல், முன்னே பத்து மணிக்கும் பின்னே ஒரு மணிக்கும் இடையே மட்டும் அசைதல் நலம். மணிக்கட்டு மடங்கலாகாது. முழங்கைக்கும் விலாவிற்கும் இடையே ஒரு புத்தகத்தை இடுக்கிக்கொண்டு பழகுவது பழைய முறை. புத்தகம் விழுந்தால் கை விரிந்துவிட்டது என்று பொருள்.

இதற்கு ஆறு தேவையில்லை. முள்ளை வெட்டி எறிந்துவிட்டு, நரம்பின் நுனியில் ஒரு துண்டுக் கம்பளி நூலைக் கட்டிப் பூங்காவின் புல்தரையில் நாள்தோறும் கால் மணி நேரம் பழகலாம். நாம் அவ்வாறு செய்யாமற் போனது பிழை. ஊர் திரும்பிய பின்னரே செய்தோம். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் காற்றாடி எங்கே என்று கேட்டார்கள்!

ஆற்றில் இறங்குமுன் ஓரத்துக் கல்லொன்றைப் புரட்டிப் பாருங்கள். அதன் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு பூச்சிகளே டிரவுட்டின் உணவு. அந்த அளவும் நிறமும் உள்ள பொய் ஈயைத் தேர்ந்தெடுத்தால் போதும். டிரவுட் நீரோட்டத்தை எதிர்நோக்கி, கல்லின் மறைவில், வேகமான நீரும் மெதுவான நீரும் உரசும் விளிம்பில் நிற்கும். அடித்து வரும் உணவை அங்கிருந்தே பற்றும். கற்கத் தொடங்குவோர் நீரில் அமிழும் ஈயைக் கட்டி, ஆற்றின் குறுக்கே சற்றுக் கீழ்நோக்கி வீசி, நூல் வில்லாக வளைந்து நம் கரைக்கு வருமாறு விட்டுவிடுதல் எளிது. வந்தவுடன் முழங்கால் நீரில் இறங்கிவிடாதீர்கள். பல வேளைகளில் மீன் நம் காலடியிலேயே இருக்கும்.

முள்ளின் எதிர்முனையை, அதாவது மீனைக் கழலவிடாத அச்சிறு கொக்கியை, குறட்டால் நசுக்கிவிடும்படி அந்த இளைஞர் முதலிலேயே சொன்னார். மீன் தப்பிவிடுமே என்று மனமில்லாமல் செய்தோம். இரண்டாம் நாள் காற்று மாறி அடித்ததில் அம்முள் நம் காதிலேயே ஏறியது. வந்த வழியே நொடியில் வெளிவந்ததற்கு நசுக்கியதே காரணம். தொப்பியும் கண்ணாடியும் அணிய வேண்டுவதன் காரணமும் அன்று விளங்கிற்று.

அன்று மாலை முதல் மீன் அகப்பட்டது. ஒரு சாண் கூட இல்லை. விட்டுவிட வேண்டிய அளவு. ஆயினும் மூன்று நாட்பட்ட ஆசை யாரை விட்டது! சூடேறிய பாறைமேல் அதனைக் கிடத்திக் கைப்பேசியில் படம் பிடித்தோம்; சரியாக விழவில்லையென்று மீண்டும் பிடித்தோம். நீரில் விட்டபோது அது மல்லாந்து ஒழுகிச் சென்றது. இளைஞர் ஒன்றும் சொல்லாமல் நூலைச் சுருட்டத் தொடங்கினார். குளிர்நீர் மீனுக்கு உலர்ந்த கையும் சுடுகல்லும் எத்தகையவை என்பதை இரவு அவரே விளக்கினார்: உடலின் வழவழப்புப் படலம் போனால் நோய் பற்றும், காற்றில் செவுள் நீரின்றித் துவண்டுவிடும். கையை நனைத்துக்கொண்டு, மீனை நீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றுதல் வேண்டும்.

இனி, காலமும் காப்பும். மீன்வளத்துறையின் அனுமதிச் சீட்டின்றித் தூண்டில் போடுதல் குற்றம். எத்தனை மீன், எவ்வளவு நீளம் என்பதற்கும் வரம்பு உண்டு. முட்டையிடும் பருவமாதலால் நவம்பர் முதல் பிப்ரவரி முடியத் தடை. ஆடி ஆவணியில் ஆறு கலங்கிவிடும். வேனிலில் காலைப் பொழுதே ஏற்றது. பிற்பகலில் பனி உருகி நீர் ஏறும். அணைக்குக் கீழே பியாஸ் ஆற்றில் இறங்கவே வேண்டாம். 2014 ஜூன் 8 அன்று லார்ஜி அணையிலிருந்து திறந்துவிட்ட நீர், தலௌட் அருகே ஆற்றில் நின்றிருந்த ஐதராபாத் பொறியியல் மாணவர் 24 பேரை அடித்துச் சென்றது. அவர்களும் வெளியூரிலிருந்து மலை காண வந்தவர்களே.

கடைசி நாட் காலையில் மற்றொரு மீன் பற்றியது. இம்முறை படம் எடுக்கவில்லை. நனைந்த கையால் தாங்கி, ஓட்டத்தை நோக்கித் தலை இருக்குமாறு ஆழமற்ற நீரில் பிடித்திருந்தோம். செவுள் இருமுறை, மும்முறை விரிந்தது. வாலை ஒருமுறை அடித்தது. பின்னர்க் கையில் நீர்தான் இருந்தது. “அப் டீக் ஹை, சாப்” என்றார் இளைஞர். ஔட் செல்லும் பஸ்ஸிற்கு இன்னும் அரைமணி நேரமே இருந்தது.